முதலில் மாதத்தைப் பாருங்கள், பிறகு பறவையை எடுங்கள்

ஜூன் மாதத்துச் சனிக்கிழமைக் காலையில் எங்கள் வரவேற்பறையில் நாய்களுக்கும் பூனைகளுக்கும் நடுவே ஒரு ஷூ பெட்டியாவது கட்டாயம் இருக்கும். மூடியில் பேனாவால் குத்திய ஓட்டைகள். உள்ளே அரைவால் முளைத்து, வாயோரம் மஞ்சளாகத் தடித்து, என்னை முறைத்துப் பார்க்கும் ஒரு குஞ்சு; பிளாக்பேர்ட் என்னும் தோட்டப் பறவையுடையது. "கூட்டிலிருந்து விழுந்துவிட்டது, டாக்டர். தாயைக் காணவே காணோம்." கொண்டுவந்தவரின் கண் கலங்கியிருக்கும். தாய் அப்போது அவர் வீட்டு வேலியில், வாய் நிறையப் புழுவோடு, குஞ்சைத் தேடிக் கத்திக்கொண்டிருக்கும்.

நான் நார்ஃபோக்கில் கால்நடை மருத்துவர். இங்கிலாந்தின் கிழக்கே வடகடலுக்குள் புடைத்து நிற்கும் கவுன்டி, அதாவது மாவட்டம், இது. வடக்கே உப்புச் சதுப்பு, மேற்கே வாஷ் வளைகுடாவின் சேற்றுவெளி, கிழக்கே பிராட்ஸ் என்னும் நாணல் ஏரிகள், தெற்கே பிரெக்லாந்தின் மணல் தரிசு. ஒரே கவுன்டிக்குள் நான்கு உலகங்கள் என்பதால் பறவைகளுக்குக் குறைவே இல்லை. பிரிட்டனின் முதல் கவுன்டி வனவிலங்கு அறக்கட்டளை 1926-இல் இங்கேதான், கிளே சதுப்பை வாங்கிப் பாதுகாப்பதற்காகவே தொடங்கியது. நான் படிப்பு முடித்தது பசுவுக்கும் ஆட்டுக்கும். இன்றோ பெட்டியில் வரும் பறவையைப் பார்த்தே இது எந்த மாதம் என்று சொல்லிவிடுவேன்.

அந்த பிளாக்பேர்ட் குஞ்சைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். உடம்பெல்லாம் இறகு முளைத்து, தத்தித் தத்தி ஓடும் குஞ்சு விழுந்த குஞ்சு இல்லை. கூட்டைவிட்டுத் தானே இறங்கியது. சில நாட்கள் தரையில் பதுங்கி, பெற்றோர் ஊட்ட ஊட்டத் தின்று, பறக்கக் கற்கும். பக்கத்துப் புதருக்குள் வைத்துவிட்டு, பூனையை வீட்டுக்குள் அடைத்துவிட்டு, தள்ளி நின்று பார்த்தால் போதும். மனித வாடை பட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்பது வெறும் கட்டுக்கதை. இறகே இல்லாமல், கண் திறக்காமல் கிடப்பதுதான் உண்மையில் விழுந்தது. கூடு எட்டினால் திரும்ப வைக்கலாம். எட்டாவிட்டால் எனக்குப் போன் செய்யுங்கள்.

பாலில் நனைத்த ரொட்டியை மட்டும் ஊட்டாதீர்கள். பாலின் சர்க்கரை பறவைக்குச் செரிக்காது. சொட்டு மருந்துக் குழாயால் தண்ணீர் விடுவது அதைவிடக் கொடிது. பறவையின் மூச்சுக்குழல் வாய் நாக்குக்குப் பின்னாலேயே திறந்திருக்கிறது. நாம் விடும் நீர் நேரே நுரையீரலுக்குப் போய்விடும். என் மேசைக்கு வந்த பிறகு இறந்த குஞ்சுகளில் இப்படி மூழ்கியவை சில உண்டு. கொண்டுவந்தவரிடம் அதைச் சொல்ல எனக்கு இன்றும் வாய் வருவதில்லை.

பூனை கவ்விய பறவை வேறு கதை. தோலில் ஒரு கீறலும் தெரியாமல் இருக்கலாம். ஊசி நுழைந்தது போன்ற ஓட்டை வழியே பூனையின் எச்சில் கிருமி உள்ளே போயிருக்கும். ஒன்றிரண்டு நாளில் இரத்தம் நஞ்சாகிவிடும். இதற்கு அன்றே ஆன்டிபயாடிக் வேண்டும். "நன்றாகத்தான் இருக்கிறது, காலையில் பார்க்கலாம்" என்று காத்திருக்காதீர்கள். இந்த நாட்டில் பணியில் இருக்கும் கால்நடை மருத்துவர் எவரும், காட்டுப் பறவையானாலும், அவசர முதலுதவிக்கும் வலியைத் தணிப்பதற்கும் வழிசெய்தாக வேண்டும். பெரும்பாலான இடங்களில் அதற்குக் கட்டணமும் கிடையாது.

ஜூலையில் உழவாரன், ஸ்விஃப்ட் என்பார்கள். மே தொடக்கத்தில் ஆப்பிரிக்காவிலிருந்து வந்து, ஓட்டுக் கூரையின் இடுக்கில் குஞ்சு பொரித்து, ஆகஸ்டில் கிளம்பிவிடும். மூன்று மாத விருந்தாளி. அதைக் கையில் எடுத்தால்தான் தெரியும்: உடம்பைவிட நீண்ட அரிவாள் சிறகு, இருக்கிறதா இல்லையா என்று தேட வேண்டிய கால்கள், அவற்றில் சுவரைப் பற்றவென்றே வளைந்த கொக்கி நகங்கள். நடக்கவோ கிளையில் உட்காரவோ அதற்கு வராது. ஆகவே தரையில் கிடக்கும் உழவாரனுக்கு உதவி கட்டாயம் தேவை. மேலே சொன்ன "விட்டுவிடுங்கள்" இதற்குப் பொருந்தாது. மேலே தூக்கி எறிந்து பறக்கவைக்கும் வேலை வேண்டாம். சிறகு முறிந்ததோ, முழுதாய் வளராததோ, அடித்து விழுந்து செத்துப்போகும். பெட்டியில் ஒரு துண்டு விரித்து, இருட்டாக, அமைதியாக வைத்துக் கொண்டுவாருங்கள்.

முதல் ஆண்டு இது தெரியாமல் ஒரு உழவாரன் குஞ்சுக்கு ஈரப் பூனைத்தீனி ஊட்டினேன். பூச்சி தவிர வேறெதுவும் ஆகாத பறவை அது. இறகு கெட்டுப்போனது, பறக்கவே இல்லை. இப்போது உழவாரன் வந்தால் அதையே வளர்த்துப் பழகியவர்களிடம் அன்றே அனுப்பிவிடுகிறேன். 2021-இல் உழவாரனை, மிகவும் கவலைக்குரிய பறவைகளுக்கான பிரிட்டனின் சிவப்புப் பட்டியலில் சேர்த்தார்கள். கூரை மாற்றுபவர்களுக்கு ஒரு வார்த்தை: குஞ்சிருக்கும் கூட்டை அடைப்பது 1981-ஆம் ஆண்டின் வனவுயிர்ச் சட்டப்படி குற்றம். செப்டம்பர் வரை பொறுங்கள். இடுக்கை மூடினால் பதிலுக்கு, உள்ளே கூடு வைக்க இடமுள்ள ஒரு கூட்டுச்செங்கல் பதியுங்கள்.

அதே கோடையில் விண்டர்டன் கடற்கரைக் கூழாங்கற்களுக்கு நடுவே சின்ன ஆலா முட்டையிடுகிறது. முட்டைக்கும் கல்லுக்கும் வேற்றுமை கண்டுபிடிக்க முடியாது. அங்கே கயிறு கட்டியிருப்பதற்கு அதுதான் காரணம். நாயைச் சங்கிலியில் பிடித்துக்கொள்ளுங்கள்.

அக்டோபரில் காற்று கிழக்கிலிருந்து வீசினால் பொன்கொண்டைச் சிட்டு வரும். கோல்ட்கிரெஸ்ட் என்பார்கள். ஐந்தாறு கிராம்தான், இருபது பென்ஸ் நாணயம் ஐந்து கிராம். அந்த எடையோடு ஸ்காண்டிநேவியாவிலிருந்து வடகடலைத் தாண்டி வந்து, கரையேறிய களைப்பில் யாரோ ஒருவரின் கண்ணாடிக் கதவில் மோதிவிடும். மருந்து எதுவும் தேவையில்லை. இருட்டுப் பெட்டியில் ஒன்றிரண்டு மணி நேரம் வைத்துத் திறந்தால் பெரும்பாலும் அம்பு போலப் போய்விடும். கண்ணாடிக்கு வெளிப்புறம் நெருக்கமாகப் புள்ளிகள் ஒட்டினால் அடுத்தது மோதாது.

குளிர்காலத்தில் பெட்டிகள் குறையும், வானம் நிறையும். ஐஸ்லாந்திலிருந்தும் கிரீன்லாந்திலிருந்தும் வரும் இளஞ்சிவப்புக் கால் வாத்துகள் அறுவடையான சர்க்கரைக் கிழங்கு வயலில் மேய்ந்துவிட்டு, அந்தியில் எங்கள் கார் நிறுத்துமிடத்துக்கு மேலே கூச்சலிட்டபடி கடலுக்குத் திரும்பும். ஊசி போடும் நேரமானாலும் வெளியே ஓடிப் பார்த்துவிட்டு வருவேன். ஆனால் இந்தக் காலத்தில் என் அறிவுரை தலைகீழ்: கரையில் செத்துக் கிடக்கும் வாத்தையோ அன்னத்தையோ கடற்காகத்தையோ தொடவே தொடாதீர்கள். பறவைக் காய்ச்சல் இந்தக் கவுன்டியை நன்றாக அறியும். 2022 அக்டோபரில் நாடு முழுவதற்கும் உத்தரவு வருமுன்பே இங்கே கோழி, வான்கோழிகளை உள்ளே அடைக்கச் சொன்னார்கள். இறந்த பறவை என்றால் அரசின் தகவல் சேவைக்குத் தெரிவியுங்கள். உயிரோடு தள்ளாடும் நீர்ப்பறவை என்றாலும் தூக்கிக்கொண்டு வராமல் முதலில் போன் செய்யுங்கள்.

இனி, எனக்கு மிகவும் வருத்தம் தரும் பறவை. போன பிப்ரவரியில் ஒரு பாட்டி துவாலையில் சுற்றிக் கொண்டுவந்தார். கிரீன்ஃபிஞ்ச்: பச்சை உடம்பு, சிறகோரம் மஞ்சள் கோடு. பந்து போல உப்பி, கண் பாதி மூடி, அலகைச் சுற்றி எச்சிலில் ஊறிய விதைத்தூள். வாயைத் திறந்தால் தொண்டையில் பாலாடைக்கட்டி போல மஞ்சள் அடைப்பு. பசியோடு விதையைக் கொறிக்கிறது, விழுங்க முடியவில்லை. டிரைகோமோனாஸ் என்னும் ஒட்டுண்ணியின் வேலை. 2005 வாக்கில் இங்கே ஃபிஞ்ச் இனங்களுக்குத் தாவியது; பிறகு கிரீன்ஃபிஞ்ச் கூட்டங்கள் சரிந்து, அதுவும் 2021-இல் சிவப்புப் பட்டியலுக்குப் போனது. மனிதருக்கு இது ஒட்டாது. பறவைக்குப் பறவை எச்சில் வழியே, நாம் அன்போடு வைக்கும் தீனித்தட்டிலும் தண்ணீர்க் கிண்ணத்திலும் பரவுகிறது.

அந்தப் பறவைக்கு நான் செய்ய முடிந்தது வலியில்லாமல் முடித்துவைப்பது ஒன்றுதான். பாட்டி நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "என் தட்டுதானா?" என்று கேட்டார். பொய் சொல்ல மனம் வரவில்லை. தீனியை உடனே நிறுத்துங்கள், குறைந்தது இரண்டு வாரம். தட்டையும் கிண்ணத்தையும் தேய்த்துக் கழுவி, நன்றாகக் காயவையுங்கள், காய்ந்தால் அந்த ஒட்டுண்ணி பிழைக்காது என்றேன்.

மூன்று வாரம் கழித்துப் போன் வந்தது. தோட்டம் வெறிச்சென்று இருந்ததாம். ராபின் மட்டும் வந்து மண்வெட்டிப் பிடியில் உட்கார்ந்ததாம். "இப்போது மாட்டலாமா?" நோயுற்ற பறவை எதுவும் கண்ணில் படவில்லை என்பதை உறுதிசெய்துகொண்டு, மாட்டலாம் என்றேன். தட்டையான தட்டு வேண்டாம், தொங்கும் தீனிக்குழாய் ஒன்று போதும், ஒரே நாளில் தீரும் அளவுக்கு விதை, வாரம் ஒருமுறை கழுவல், அவ்வப்போது இடமாற்றம். அவர் எழுதிக்கொள்ளும் பென்சில் சத்தம் கேட்டது.

"தண்ணீர்?"

"தினமும் புதிது."