ஒரே ஒரு சொல் ஞாபகத்தோடு எழுதினால்

மூன்று வாக்கியங்களை எடுத்துக்கொள்வோம். ‘மழை நின்ற பிறகு பூனை வந்தது. பூனை தூங்கிய பிறகு அவள் கதவைச் சாத்தினாள். அவள் வந்த பிறகு மழை பிடித்தது.’

ஒவ்வொரு வாக்கியத்திலும் எந்தச் சொல்லை அடுத்து எந்தச் சொல் வந்தது என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். ‘பூனை’யை அடுத்து ‘வந்தது’, ‘தூங்கிய’. ‘மழை’யை அடுத்து ‘நின்ற’, ‘பிடித்தது’. ‘பிறகு’தான் பெரிய சந்திப்பு, அங்கிருந்து பூனை, அவள், மழை என்று மூன்று பக்கமும் வழி பிரிகிறது. ‘அவள்’ என்று தொடங்கி, வழி பிரியும் இடத்தில் எல்லாம் சீட்டுக் குலுக்கிப் பாருங்கள்: ‘அவள் வந்த பிறகு பூனை தூங்கிய பிறகு மழை பிடித்தது.’ மூலத்தில் இல்லாத வாக்கியம். ‘மழை’யில் தொடங்கிய இன்னொரு குலுக்கலில், ‘மழை நின்ற பிறகு அவள் கதவைச் சாத்தினாள்.’ ஏதோ சிறுகதையின் முதல் வரி என்றால் நம்பிவிடுவோம்.

இதற்கு மார்க்கோவ் சங்கிலி என்று பெயர். ரஷ்யக் கணிதவியலாளர் ஆந்திரே மார்க்கோவுக்குக் கதை கட்டும் ஆசையெல்லாம் இல்லை. ஒன்றையொன்று சார்ந்த நிகழ்வுகளுக்கும் நிகழ்தகவு விதிகள் பொருந்தும் என்று காட்டுவதுதான் அவர் நோக்கம். அதற்காக 1913இல் புஷ்கினின் ‘யெவ்கேனி ஒனேகின்’ செய்யுள் நாவலிலிருந்து 20,000 எழுத்துகளைக் கையாலேயே எண்ணினார். உயிர் 8,638, மெய் 11,362. அதாவது ஓர் எழுத்து உயிராக இருக்கப் பொதுவான வாய்ப்பு 43 சதவீதம். முந்தைய எழுத்தும் உயிர் என்றால் அது 13 சதவீதமாகச் சரிகிறது. மெய் என்றால் 66க்கு ஏறுகிறது. புஷ்கினை இப்படி வாசித்தவர் வேறு யாரும் இருந்திருக்க மாட்டார்கள்!

1948இல் அமெரிக்கக் கணிதவியலாளர் கிளாட் ஷானன் இதைத் திருப்பிப் போட்டார்: எண்ணுவதற்குப் பதில் எழுதவைத்தார். அவர் சொன்ன வழிக்குக் கணினியே வேண்டாம். ஒரு புத்தகத்தில் கண்ணில் பட்ட சொல்லைக் குறித்துக்கொள்ளுங்கள். வேறொரு பக்கத்தைத் திறந்து, அதே சொல் தென்படும்வரை வாசியுங்கள். அதை அடுத்து நிற்கும் சொல்தான் உங்கள் அடுத்த சொல். பிறகு இன்னொரு பக்கம்.

இதுவரை சங்கிலிக்குக் கடைசி ஒரு சொல்தான் ஞாபகம். அந்த ஞாபகத்தைக் கூட்டினால் என்ன ஆகும்? நம் மூன்று வாக்கியங்களில் இரண்டிரண்டு சொற்களாகப் பார்த்தால், ‘நின்ற பிறகு’ என்பதை அடுத்துப் ‘பூனை’ மட்டுமே வருகிறது. கிளைகள் அடைபட்டு, சங்கிலி மூலத்தையே ஒப்பிக்கத் தொடங்கிவிடும். ஞாபகம் குறைந்தால் உளறல், கூடினால் காப்பி. மூல உரை பெரிதாக ஆக, கூடுதல் ஞாபகத்தைத் தாங்கும்.

தமிழில் இது இன்னும் கொஞ்சம் படுத்தும். வீடு, வீட்டில், வீட்டிலிருந்து, வீட்டுக்கும் எல்லாம் சங்கிலிக்குத் தனித்தனிச் சொற்கள். அதனால் ஒவ்வொன்றுக்கும் கிளைகள் குறைவு. தவிர, நம் வினைமுற்று கடைசியில் வந்து எழுவாயோடு ஒத்துப்போக வேண்டும். ‘அவள்’ என்று தொடங்கிய வாக்கியம் ஆறு சொல் தள்ளி ‘போனான்’ என்று முடியும். சங்கிலிக்கு அதற்குள் அவளை மறந்துபோயிருக்கும். சாட்ஜிபிடி போன்ற இன்றைய பெரிய மொழி மாதிரிகளும் அடுத்து என்ன என்றுதான் கணிக்கின்றன, ஆனால் பல்லாயிரம் சொல் பின்னால் திரும்பிப் பார்க்கும் வசதியோடு.

எழுதுகிறவருக்கு அந்த மறதியே லாபம் என்பது என் கட்சி. ஒப்பந்தப் பத்திரம் ஒன்றையும் தாலாட்டு ஒன்றையும் கலந்து சங்கிலியில் விடுங்கள். இரண்டிலும் புழங்கும் சாதாரணச் சொற்களில்தான் தடம் மாறும்: ‘இந்த’, ‘என்று’, ‘வந்து’, ‘மேல்’. பொதுச் சொல் இல்லாத இரண்டு உரைகள் கலக்கவே கலக்காது. வருவதில் பெரும்பகுதி குப்பைதான். ‘மேற்படி நிலா’ என்று ஒன்று சிக்கினால், அதை வைத்துக்கொண்டு மீதியை அடித்துவிடலாம்.