தோளில் ஒற்றை நட்சத்திரம்: அவர் ஜமேதாராகவும் இருக்கலாம்

பழைய புகைப்படங்களைச் செப்பனிட்டுக் கொடுப்பது என் தொழில். ராணுவ உடையில் தாத்தா நிற்கும் கறுப்பு வெள்ளைப் படங்கள் அடிக்கடி வரும். தோளில் ஒரு நட்சத்திரத்தைப் பார்த்ததுமே வீட்டார் "செகண்ட் லெப்டினன்ட்" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். கொஞ்சம் பொறுங்கள். நாற்பதுகளின் கடைசியிலோ ஐம்பதுகளிலோ எடுத்த படமென்றால், நட்சத்திரத்துக்குக் கீழே தோள்பட்டையின் குறுக்கே ஒரு மெல்லிய நாடா ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடினால், அவர் அதற்குக் கீழான ஜமேதார் பதவியில் இருந்தவர்.

தொழிலுக்கு வந்த புதிதில், அந்த நாடாவைக் கறை என்று நினைத்து ஒரு படத்தில் நானே அழித்துவிட்டேன். வாங்க வந்த பெரியவர், "அப்பா தோள்ல ஒரு பட்டை இருக்குமே தம்பி" என்றார். நல்லவேளை, மூலப்படம் பத்திரமாக இருந்தது. மறுபடி செய்து கொடுத்தேன்.

ஜமேதார் என்றதும் சிலர் கலெக்டர் ஆபீஸ் டபேதாரை நினைத்து முகம் வாடுகிறார்கள். அது வேறு, இது வேறு. பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தில் வைஸ்ராயின் ஆணை பெற்ற அதிகாரிகள் என்று ஒரு வரிசை இருந்தது. காலாட்படையில் ஜமேதார், சுபேதார், சுபேதார் மேஜர் என்று அது ஏறும். புதிதாக வந்த வெள்ளைக்கார லெப்டினன்ட்கூட இவர்களுக்கு மேல்தான். ஆனால் சிப்பாய்களுக்கு இவர்கள்தான் 'சாகிப்'. பிளட்டூன் என்ற சிறு படைப்பிரிவையே ஜமேதார் நடத்துவார். 1944 ஏப்ரலில் இம்பாலுக்கு வடக்கே அப்படித்தான் தன் பிளட்டூனுடன் குன்றேறித் தாக்கி உயிர்விட்டார் ஜமேதார் அப்துல் ஹபீஸ். இறந்தபின் அவருக்கு பிரிட்டனின் மிக உயர்ந்த வீர விருதான விக்டோரியா கிராஸ் தந்தார்கள்.

விடுதலைக்குப் பிறகு இந்த வரிசை ஜே.சி.ஓ. (ஜூனியர் கமிஷன்ட் ஆபீசர்) ஆனது. 1965-இல் ஜமேதார் என்ற பெயரும் போய், நாயிப் சுபேதார் வந்தது. சியாச்சினில் போரிட்டுப் பரம் வீர் சக்ரா பெற்ற பானா சிங் 1987-இல் வகித்தது இந்தப் பதவியைத்தான். பெயர்தான் மாறியது, நட்சத்திரமும் நாடாவும் அப்படியே இருக்கின்றன. சுபேதார் மேஜர் தோளில் மட்டும் கிரீடம் இருந்த இடத்துக்கு அசோகச் சிங்கம் வந்தது.

அதனால் படத்தைக் கடையில் கொடுக்கும் முன் ஸ்கேன் செய்து வைத்துக்கொள்ளுங்கள். பணி முடிந்தபோது ராணுவம் தந்த டிஸ்சார்ஜ் புத்தகம் வீட்டில் இருந்தால் அதையும் எடுத்துப் போங்கள். வண்ணம் சேர்க்கச் சொல்வதானால், நாடாவின் இரு ஓரமும் சிவப்பு, நடுவில் மஞ்சள் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.