சின்ன ராக்கெட் தன் வேகத்தை எப்படி அறிகிறது?

“திருநள்ளாறு கோயிலுக்கு நேர் மேலே வரும்போது செயற்கைக்கோள்கள் மூன்று விநாடி நின்றுவிடுமாமே, நாசாவே ஒத்துக்கொண்டதாமே, உண்மையா சார்?” காரைக்காலில் படிக்கும் கல்லூரி மாணவி ஒருவர் கேட்டிருக்கிறார். சனிப்பெயர்ச்சி நெருங்கினாலே டெல்டா முழுக்க வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்திதான் இது. உண்மையில்லை. நாசா அப்படி எதையும் சொல்லவில்லை. ஆனால் ஒரு செயற்கைக்கோள் நின்றால் என்ன ஆகும் என்று யோசிக்க ஆரம்பித்தால், ராக்கெட் என்பது எதற்காக என்பதே விளங்கிவிடும்.

500 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோளின் வேகம் விநாடிக்கு 7.6 கிலோமீட்டர். கல்லணைக்கு மேலே இருப்பது சுமார் 17 விநாடியில் பூம்புகாருக்கு மேலே போய்விடும். அதுவும் எந்நேரமும் பூமியை நோக்கி விழுந்துகொண்டேதான் இருக்கிறது. பக்கவாட்டில் அவ்வளவு வேகமாகப் போவதால், அது விழும் அளவுக்குப் பூமியின் பரப்பும் வளைந்து கீழே போய்விடுகிறது. நிறுத்தினால் கல்லைப் போல நேராக விழும். மூன்று விநாடியில் ஏறத்தாழ 38 மீட்டர் இறங்கியிருக்கும். மறுபடி ஓட வைக்க வேண்டுமானால் இன்னொரு ராக்கெட் வேண்டும். ‘நிற்பது போல’ நமக்குத் தெரியும் தொலைத்தொடர்பு செயற்கைக்கோள்களும் பூமியோடு சேர்ந்து சுற்றுகின்றனவே தவிர நிற்பதில்லை. அவை இருப்பது 36,000 கிலோமீட்டர் உயரத்தில், நிலநடுக்கோட்டுக்கு மேலே. திருநள்ளாறு அதிலிருந்து ஏறக்குறைய 11 டிகிரி வடக்கே இருக்கிறது.

ஆக, ராக்கெட்டுக்கு உயரம் ஏறுவது சின்ன வேலை. பக்கவாட்டு வேகத்தைக் கொடுப்பதுதான் பெரிய வேலை. இந்த வேலையை மலிவாக முடிக்க இஸ்ரோ உருவாக்கியதுதான் எஸ்.எஸ்.எல்.வி., அதாவது சிறிய செயற்கைக்கோள்களை ஏவும் ராக்கெட். உயரம் 34 மீட்டர், எடை 120 டன். இஸ்ரோவின் பழைய, பெரிய ராக்கெட்டான பி.எஸ்.எல்.வி.யோ 44 மீட்டர், 320 டன். சின்னது 500 கிலோ எடையை 500 கிலோமீட்டர் உயரத்துக்குக் கொண்டுபோகும். அதுவரை சிறிய செயற்கைக்கோள் செய்தவர்கள், பெரிய செயற்கைக்கோள் ஒன்று எப்போது கிளம்பும் என்று காத்திருந்து, அது போகும் பாதைக்கே தாங்களும் போக வேண்டியிருந்தது.

மலிவின் ரகசியம் திட எரிபொருள். ஒன்றன்மேல் ஒன்றாக நின்று, ஒவ்வொன்றாக எரிந்து கழன்றுவிழும் மூன்று அடுக்குகளிலும் அதுதான். முன்கூட்டியே வார்த்து வைத்துக்கொள்ளலாம். கடைசி நேரத்தில் குளிர்ந்த திரவங்களை நிரப்பும் பாடு இல்லை. சில பேரைக் கொண்டு சில நாட்களில் பொருத்திவிடலாம். ஆனால் திட எரிபொருளைப் பற்றவைத்துவிட்டால் அணைக்க முடியாது. தீரும்வரை எரியும். வெயில், வார்ப்பு, கலவை இவற்றில் வரும் சிறு வித்தியாசங்களால் கிடைக்கும் வேகமும் கொஞ்சம் கூடும், குறையும். எனவே உச்சியில் சின்ன திரவ எஞ்சின்கள் கொண்ட ஒரு பகுதியை வைத்து, மிச்சமிருக்கும் வேகப் பற்றாக்குறையைக் கடைசியில் சரிக்கட்டுகிறார்கள்.

சரிக்கட்ட வேண்டுமானால், இப்போது என்ன வேகத்தில் போகிறோம் என்று ராக்கெட்டுக்குத் தெரிய வேண்டுமே? சக்கரம் கிடையாது, சாலை கிடையாது. எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

கும்பகோணம் பேருந்தில் கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறீர்கள். ஓட்டுநர் வேகமெடுத்தால் உடம்பு பின்னால் சாய்கிறது. சாயாமலிருக்கக் கம்பியை இறுகப் பிடிக்கிறீர்கள். பிடியின் இறுக்கமே முடுக்கத்தின் அளவு. ராக்கெட்டின் முடுக்கமானியும் இதைத்தான் செய்கிறது. உள்ளே ஒரு சிறு நிறை தொங்குகிறது. ராக்கெட் உந்தும்போது அது பின்தங்கப் பார்க்கும். மின்காந்தம் ஒன்று அதை நகர விடாமல் நடுவிலேயே பிடித்து வைக்கிறது. அதற்குச் செலவாகும் மின்னோட்டத்தை அளந்தால் முடுக்கம் கிடைத்துவிடும். நொடியின் சிறு சிறு துண்டுகளில் கிடைக்கும் முடுக்கத்தை ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டே போனால் வேகம் வரும். வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனால் இருக்குமிடம் வரும். பன்னிரண்டாம் வகுப்பில் நாம் மனப்பாடம் செய்த தொகையிடல், ராக்கெட்டுக்குள் ஓயாமல் நடந்துகொண்டிருக்கிறது.

இதில் இன்னொரு அழகும் உண்டு. முடுக்கமானிக்குப் புவியீர்ப்பு தெரியாது. எஞ்சின் அணைந்து ராக்கெட் காற்றில்லாத வெளியில் மிதக்கும்போது, பெட்டியும் உள்ளே இருக்கும் நிறையும் சேர்ந்தே விழுவதால் மின்காந்தத்துக்கு வேலையே இல்லை, அளவு பூஜ்யம். ராக்கெட் விழுந்துகொண்டிருக்கிறது, கருவியோ எதையும் உணரவில்லை. இந்தக் குறையைக் கணினி தீர்க்கிறது: நான் இன்ன இடத்தில் இருக்கிறேன், நியூட்டன் விதிப்படி இங்கே ஈர்ப்பு இவ்வளவு என்று கணக்கிட்டுச் சேர்த்துக்கொள்கிறது. தொடுவதை அளந்தும், தொடாததைக் கணக்கிட்டும் போகிறது ராக்கெட்.

2022 ஆகஸ்ட் 7 அன்று எஸ்.எஸ்.எல்.வி.யின் முதல் பயணம் இந்த இடத்தில்தான் இடறியது. இரண்டாம் அடுக்கு பிரிந்த கணத்தில் எழுந்த அதிர்வு, முடுக்கமானிகள் அளக்கக்கூடிய எல்லையைச் சிறிது நேரம் தாண்டியது. கருவிகள் பழுதாகவில்லை. ஆனால் பழுதைக் கண்டுபிடிக்கும் மென்பொருள், இவை கெட்டுவிட்டன என்று முடிவுகட்டி ஒதுக்கிவிட்டது. தன் வேகம் தெரியாமல், முன்பே எழுதி வைத்த வழியில் ராக்கெட் போனது. 356 கிலோமீட்டர் வட்டப் பாதைக்குப் பதிலாக, ஒருபுறம் 356, மறுபுறம் 76 கிலோமீட்டர் என்ற நீள்வட்டம் கிடைத்தது. 76 கிலோமீட்டரில் காற்று இருக்கிறது, செயற்கைக்கோள்கள் தாங்கவில்லை. இந்த இரண்டு பாதைகளுக்கும் இடையே உள்ள வேகக் குறைவைக் கணக்குப் போட்டால் விநாடிக்குச் சுமார் 80 மீட்டர்தான் வருகிறது. மொத்த வேகத்தில் ஏறக்குறைய ஒரு விழுக்காடு! ஒரு விழுக்காடு குறைந்ததற்கே இந்தக் கதி என்றால், மூன்று விநாடி முழுதாக நின்ற செயற்கைக்கோள் எப்படித் தப்பும்?

பணத்தைக் கடலில் கொட்டினார்கள் என்று அப்போது பலர் பேசினார்கள். எனக்கு அந்தப் பேச்சில் உடன்பாடில்லை. மூன்று சோதனைப் பயணங்களையும் சேர்த்து இந்த ராக்கெட்டை உருவாக்க ஒதுக்கப்பட்ட தொகை 169 கோடி ரூபாய். சோதனை என்று பெயர் வைத்துவிட்டுத் தோல்விக்கு இடம் தராமல் பணம் ஒதுக்கினால், யாரும் புதிதாக எதையும் முயல மாட்டார்கள். எங்கே தவறியது என்பதை இஸ்ரோ வெளிப்படையாக எழுதி வெளியிட்டது; அந்த ஆவணத்தை நம் கல்லூரி ஆய்வகங்களில் வைத்துப் பாடமாகவே நடத்தலாம். திருநள்ளாற்றுக்கு வருகிறவர்கள் பக்தியோடு வருகிறார்கள், நளன் குளத்தில் நீராடுகிறார்கள். அந்தப் பக்திக்கு நாசாவின் பெயரில் ஒரு பொய்ச் சான்றிதழ் எதற்கு? கோயிலுக்கும் அது மரியாதை இல்லை.

தோல்விக்குப் பிறகு இஸ்ரோவினர், அடுக்குகளைப் பிரிக்க அதிர்வு குறைவான முறைக்கு மாறினார்கள். கருவி கெட்டுவிட்டது என்று முடிவுசெய்யுமுன் மென்பொருள் இன்னும் சற்று நேரம் பொறுத்துப் பார்க்கும்படி மாற்றினார்கள். முடுக்கமானிகள் கைவிட்டால் நாவிக் (ஜி.பி.எஸ். போல இடம் காட்டும் இந்திய அமைப்பு) செயற்கைக்கோள்களின் தகவலைக் கொண்டு வழி தேடும் ஏற்பாடும் வந்தது. 2023 பிப்ரவரி 10 அன்று இரண்டாவது பயணமும், 2024 ஆகஸ்ட் 16 அன்று மூன்றாவதும் வென்றன. மூன்றாவதில் போன இ.ஓ.எஸ்-08, மண்ணின் ஈரத்தையும் வெள்ளத்தையும் கண்டறிய உதவும் கருவி ஒன்றைச் சோதிப்பதற்காக அனுப்பப்பட்டது. மேட்டூர் திறப்பையும் வடகிழக்குப் பருவமழையையும் நம்பி நாற்று விடும் டெல்டாவுக்கு இப்படிப்பட்ட சின்ன செயற்கைக்கோள்கள் நிறைய வேண்டும்.

ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து துருவப் பாதைக்கு, அதாவது பூமியின் வட, தென் துருவங்களுக்கு மேலாகச் சுற்றும் பாதைக்கு, தெற்கே நேராகப் போனால் வழியில் சென்னை, அதன்பின் இலங்கை. வளைந்து போக வேண்டும். சின்ன ராக்கெட்டுக்கு அந்த வளைவே பெரும் சுமை. அதற்காகத்தான் தூத்துக்குடி மாவட்டம் குலசேகரப்பட்டினத்தில் புதிய ஏவுதளம். 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டினார்கள்.

கேள்வி கேட்ட மாணவிக்கு ஒரு வேலை தருகிறேன். உங்கள் கைப்பேசிக்குள்ளும் ஒரு குட்டி முடுக்கமானி இருக்கிறது. அதன் அளவுகளைப் பதியும் செயலி ஒன்றை இறக்கிக்கொண்டு, காரைக்காலிலிருந்து கிளம்பும் பேருந்தில் கைப்பேசியை அசையாமல் கிடத்தி வையுங்கள். பேருந்து போகும் திசையில் பதிவாகும் முடுக்கத்தைக் கூட்டி வேகம் கண்டுபிடித்து, ஜி.பி.எஸ். காட்டும் வேகத்தோடு ஒப்பிடுங்கள். முதலில் சில விநாடிகள் இரண்டும் ஒத்துப்போகும். பிறகு சிறு பிழைகள் சேர்ந்து சேர்ந்து, உங்கள் கணக்கு விலகிக்கொண்டே போகும். எத்தனை விநாடியில் எவ்வளவு விலகியது என்று எனக்கு எழுதுங்கள்.