கொண்டை ஊசி வளைவில் குதித்த எண்

போன மாதம் சேலத்திலிருந்து ஏற்காடு பஸ்ஸில் போகும்போது சும்மா இருக்கமாட்டாமல், ரத்தத்தில் ஆக்ஸிஜன் எத்தனை சதவீதம் என்று காட்டும் ஆக்ஸிமீட்டர் கிளிப்பை அப்பாவின் விரலில் மாட்டிவிட்டேன். அடிவாரத்தில் 97. கொண்டை ஊசி வளைவுகள் தொடங்கி அவர் முன் சீட்டுக் கம்பியை இறுக்கிப் பிடித்ததும் 91, 88, அப்புறம் 84. எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. கையை மடியில் வைக்கச் சொன்னேன், கொஞ்ச நேரத்தில் 96. ஏற்காடு 1,500 மீட்டர் உயரம், காற்று அழுத்தம் குறைவதால் ஒன்றிரண்டு இறங்கலாம். ஆனால் 84 மலை செய்த வேலை இல்லை, கம்பி செய்த வேலை.

கிளிப்புக்குள் இரண்டு விளக்குகள்: சிவப்பு ஒன்று (660 நானோமீட்டர்), கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒன்று (940). ஆக்ஸிஜன் ஏறிய ஹீமோகுளோபின் சிவப்பை நிறைய விட்டுவிட்டு அகச்சிவப்பை உறிஞ்சும், ஏறாதது இதற்கு நேர்மாறு. சரி, தோலும் எலும்பும்கூட ஒளியைக் குடிக்குமே? 1970களில் ஜப்பானின் நிஹோன் கோடென் நிறுவனத்தில் தகுவோ அவோயாகி வேறொரு அளவீட்டில் நாடித்துடிப்பு குறுக்கே வருகிறதே என்று அதை நீக்கப் போராடிக்கொண்டிருந்தார். அந்தத் தொல்லைதான் தமனி ரத்தத்தின் அடையாளம் என்று அவருக்குப் பிடிபட்டது. துடிக்கும் பங்கை மட்டும் எடுத்து இரு நிறங்களுக்கும் விகிதம் போட்டால் போதும். இந்த அடிப்படை யோசனைக்கு இன்று யாரும் காப்புரிமை கொண்டாட முடியாது, அதனால்தான் மெடிக்கல் ஷாப்பில் இத்தனை மலிவுக் கிளிப்புகள்.

காப்புரிமைச் சண்டையெல்லாம் அதற்கு மேலே செய்த வேலைகளுக்குத்தான். கை ஆடினால் சிரை ரத்தமும் ஆடும், மெஷின் அதையும் துடிப்பு என்றே நம்பும். ஆட்டம் இரு நிறங்களிலும் ஒரே அளவில் தெரிவதால் விகிதம் 1 பக்கம் போய்விடும், 1 என்றால் திரையில் ஏறத்தாழ 85. அப்பாவின் 84 எங்கிருந்து வந்தது என்று புரிகிறதா! இந்த ஆட்டத்தைப் பிரித்தெடுக்கும் கணக்கைச் செய்தது 1989இல் தொடங்கிய மசிமோ என்ற அமெரிக்க நிறுவனம். அதை வைத்து போட்டி நிறுவனமான நெல்கோருடன் நடந்த வழக்கு 2006இல் 33 கோடி டாலரில் முடிந்தது.

அப்புறம் ஆப்பிள் வாட்ச். மணிக்கட்டில் ஒளி ஊடுருவிப் போகாது, திரும்பி வருவதைத்தான் பிடிக்க வேண்டும், அதுவும் ரொம்ப மங்கல். அதனால் விளக்குகளும் உணரிகளும் எங்கே உட்கார வேண்டும், மேல் மூடி எப்படிப் புடைத்திருக்க வேண்டும் என்பதற்கெல்லாம் மசிமோவிடம் காப்புரிமை. 2023இல் அமெரிக்க வர்த்தக ஆணையம் மசிமோ பக்கம் தீர்ப்புச் சொல்லி இறக்குமதிக்குத் தடை போட, அங்கே விற்ற புது வாட்சுகளில் ஆக்ஸிஜன் அளக்கும் வசதி அணைந்தது. சேலத்தில் வாங்கியவருக்கு ஒன்றும் ஆகவில்லை. 2025 ஆகஸ்டில் ஆப்பிள் அதைத் திரும்பக் கொண்டுவந்த விதம்தான் வேடிக்கை: ஒளியைப் பிடிப்பது வாட்ச், கணக்குப் போடுவது ஐபோன். தடையை அமல்படுத்தும் அமெரிக்கச் சுங்கத் துறை அதை அனுமதித்தது, மசிமோ சுங்கத் துறை மீதே வழக்குப் போட்டது.