செக்ரிகேஷன்: பிரிதலா, பிரித்தலா?

தெருவுக்கு வரும் தூய்மைப் பணியாளர் "குப்பையைத் தரம் பிரிச்சுக் குடுங்க" என்கிறார். பள்ளி உயிரியல் பாடத்தில் மெண்டலின் 'தனித்துப் பிரிதல் விதி' வருகிறது. அமெரிக்க வரலாறு எழுதுபவர்கள் 'இன ஒதுக்கல்' என்கிறார்கள். மூன்றுக்கும் ஆங்கிலத்தில் ஒரே சொல்தான்: செக்ரிகேஷன்.

லத்தீனில் 'கிரெக்ஸ்' என்றால் மந்தை, 'சே' என்றால் விலக்கி. மந்தையிலிருந்து ஆட்டைத் தனியே ஓட்டுவதுதான் மூலப்பொருள். தேவாலயச் சபையைக் குறிக்கும் 'காங்கிரிகேஷன்' இதற்கு உறவுக்காரச் சொல். கட்டட வேலையில் ஜல்லி, மணலைக் குறிக்கும் 'அக்ரிகேட்' இன்னொன்று. கான்கிரீட்டை அதிக உயரத்திலிருந்து கொட்டினால் ஜல்லி ஒரு பக்கமும் சிமென்ட் கலவை ஒரு பக்கமுமாகப் போய்விடும். பொறியாளர்கள் அதையும் செக்ரிகேஷன் என்றே சொல்வார்கள்.

அந்த ஆங்கிலச் சொல் ஒரு விஷயத்தை மட்டும் சொல்லாமல் விட்டுவிடுகிறது: தானாகப் பிரிந்ததா, யாராவது பிரித்தார்களா? தமிழில் இதை மழுப்ப முடியாது. ஒதுங்குதல் தன்வினை, ஒதுக்குதல் பிறவினை. எந்தத் துறை எந்த வினையைக் கையில் எடுக்கிறது என்று பார்த்தாலே பாதி விளங்கிவிடும்.

மரபியலில் சந்தேகமே இல்லை, தன்வினைதான். மெண்டல் மஞ்சள் பட்டாணியையும் பச்சைப் பட்டாணியையும் கலப்பு செய்தபோது முதல் தலைமுறை முழுக்க மஞ்சள். அடுத்த தலைமுறையில் 6,022 மஞ்சளும் 2,001 பச்சையும் வந்தன. மறைந்திருந்த பச்சைக் காரணி இனச்செல் உருவாகும்போது தனியே பிரிந்து வந்தது. அதை யாரும் விரட்டவில்லை.

சட்டத் துறைக்கு இந்த வேறுபாடுதான் உயிர்நாடி. சட்டம் போட்டுப் பிரித்தது ஒரு வகை, நடைமுறையில் அப்படி அமைந்துவிட்டது இன்னொரு வகை. வெள்ளையருக்கும் கறுப்பினத்தவருக்கும் 'தனித்தனி, ஆனால் சமம்' என்று 1896இல் ஒப்புக்கொண்ட அமெரிக்க உச்ச நீதிமன்றம், பள்ளிகளில் அது செல்லாது என்று 1954இல் சொன்னது. அப்புறம் 1974இல் டெட்ராய்ட் வழக்கு வந்தது. நகரப் பள்ளிகளில் பெரும்பாலும் கறுப்பினப் பிள்ளைகள், புறநகரில் வெள்ளையர். புறநகர் நிர்வாகங்கள் பிரித்ததாக நிரூபணம் இல்லை, எனவே பிள்ளைகளைக் கலந்து படிக்கவைக்கும் தீர்வுக்குள் அவற்றை இழுக்க முடியாது என்று 5-4 என்ற கணக்கில் தீர்ப்பானது. தன்வினையா பிறவினையா என்ற ஓர் எழுத்து வித்தியாசத்தில் ஒரு நகரத்துப் பிள்ளைகளின் பள்ளிக்கூடம் தீர்மானமாகிவிட்டது.

பொருளியலாளர் தாமஸ் ஷெல்லிங் 1971இல் காட்டிய மாதிரி தன்வினைப் பக்கம் சாயும். கட்டம் போட்ட பலகை, இரண்டு வகை நாணயம். பக்கத்தில் தன் வகை ஓரளவாவது இருக்கட்டும் என்ற மிதமான விருப்பத்தோடு நாணயங்களை நகர்த்திக்கொண்டே போனால், கடைசியில் பலகை இரண்டாகப் பிளந்து கிடக்கும். அழகான மாதிரிதான். ஆனால் இப்படி நடக்க முடியும் என்றுதான் அது காட்டுகிறது, இப்படித்தான் நடந்தது என்று அல்ல. 1930களில் கறுப்பினக் குடியிருப்புகளை வரைபடத்தில் சிவப்பாகத் தீட்டி, வீட்டுக் கடனுக்கு ஆபத்தான பகுதி என்று குறித்தது அரசின் அமைப்பே. நாணயங்களுக்கு அந்தச் சிக்கல் இல்லை.

சமூகவியலாளர்கள் யார் செய்தது என்பதைச் சற்று தள்ளிவைத்துவிட்டு, எவ்வளவு என்று அளக்கிறார்கள். 1955 முதல் புழங்கும் வேறுபாட்டுக் குறியீட்டின் கணக்கு எளிது: எல்லா வார்டிலும் ஒரே விகிதம் வர, ஒரு பிரிவில் நூற்றுக்கு 60 பேர் இடம் மாற வேண்டுமென்றால் குறியீடு 60. இது மட்டும் போதாது என்று மாஸியும் டென்டனும் 1988இல் ஐந்து பரிமாணங்கள் சொன்னார்கள்: சமமற்ற பரவல், பிறரைச் சந்திக்கும் வாய்ப்பு, சிறு பரப்பில் நெருக்கம், நகர மையத்தை ஒட்டியிருத்தல், அக்கம்பக்கப் பகுதிகள் ஒரே கொத்தாகக் கிடத்தல்.

இந்த அளவுகோலை நம் ஊருக்குக் கொண்டுவந்தால் ஒரு வேடிக்கை நடக்கும். ஊரும் காலனியும் ஒரே வார்டுக்குள் வந்துவிட்டால் கணக்கில் எல்லாரும் கலந்து வாழ்வதாகத்தான் தெரியும். மதுரை மாவட்டம் உத்தபுரத்தில் 2008 மே மாதம் ஒரு பகுதி இடிக்கப்பட்ட தீண்டாமைச் சுவர் போன்றது எந்த வார்டுக் கணக்கிலும் வராது.

சரி, தமிழில் எப்படி எழுதுவது? மரபியலுக்குத் 'தனித்துப் பிரிதல்', குப்பைக்குத் 'தரம் பிரித்தல்' நிலைத்துவிட்டன, அப்படியே இருக்கட்டும். 'தனிமைப்படுத்தல்' நோய்த்தொற்றுக்குப் போய்விட்டது, அதைத் தொட வேண்டாம். சமூகத்துக்கு 'ஒதுக்கல்' பொருத்தம், ஆனால் 'ஒதுக்கீடு' பக்கத்திலேயே நிற்கிறது. ஒதுக்கப்பட்டவர்களுக்கு இடம் தருவதுதான் இட ஒதுக்கீடு. அவசரத்தில் படிப்பவர் இரண்டையும் குழப்பிக்கொள்வார். அதனால் 'ஒதுக்கிவைத்தல்' என்று எழுதுவதே என் விருப்பம். 'ஊரை விட்டு ஒதுக்கிவைத்தார்கள்' என்று மக்கள் வாயில் ஏற்கெனவே இருக்கும் சொல்தான் அது. யார் செய்தார்கள் என்பது தெரியாத இடத்தில் மட்டும் 'பிரிந்து வாழ்தல்' என்று எழுதலாம்.