ரேஷன், கரண்ட், டவுன் பஸ்: வீட்டுச் செலவில் அரசு எங்கே கை கொடுக்கிறது

மாதச் செலவு எவ்வளவு என்று கேட்டால் கையை விட்டுப் போன பணத்தைத்தான் எல்லோரும் சொல்வோம். போகாமல் நின்ற பணத்தை யாரும் நோட்டில் எழுதுவதில்லை. அதனால்தான் ரேஷன் கடையும் டவுன் பஸ்ஸும் அரசுப் பள்ளியும் நம் வீட்டு வரவு செலவில் எவ்வளவு தூரம் நுழைந்திருக்கின்றன என்பது நமக்கே சரியாகத் தெரிவதில்லை, ஒரு மாதம் பருப்பு வராமல் போனால்தான் உறைக்கிறது. தமிழ்நாட்டில் என்னென்ன கிடைக்கிறது, அது எந்தச் செலவை எவ்வளவு குறைக்கிறது, எங்கே நழுவிப் போகிறது என்று ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

முதலில் ரேஷன். 2011 ஜூனிலிருந்து இங்கே அரிசி கார்டுக்கு அரிசிக்கு விலை கிடையாது. ரொம்ப ஏழைக் குடும்பங்களுக்கான அந்தியோதயா கார்டு என்றால் 35 கிலோ, மற்ற அரிசி கார்டுகளுக்கு வீட்டில் எத்தனை பேர் என்பதைப் பொறுத்து. சர்க்கரை தலைக்கு அரை கிலோ, அதிகபட்சம் 2 கிலோ, கிலோ 25 ரூபாய். அந்தியோதயா கார்டுக்கு 13.50. துவரம் பருப்பு ஒரு கிலோ 30 ரூபாய், பாமாயில் ஒரு லிட்டர் 25 ரூபாய். நாலு பேர் உள்ள வீடு என்றால் சர்க்கரை 50, பருப்பு 30, எண்ணெய் 25, ஆக 105 ரூபாயில் மூன்றும் முடிந்துவிடும். இதே மூன்றையும் மளிகைக் கடையில் வாங்கிப் பாருங்கள், பருப்பு ஒன்றுக்கே நூறைத் தாண்டிவிடும்.

அரிசியின் கதை கொஞ்சம் வேறு. நிறைய வீடுகளில் ரேஷன் புழுங்கலரிசி இட்லி மாவுக்குப் போகிறது, சாப்பாட்டுக்குப் பொன்னி மூட்டை தனியாக வாங்குகிறார்கள். அதனால் அந்த வீட்டில் அரிசிச் செலவே இல்லை என்று சொல்ல முடியாது, மாவுக்கான அரிசிச் செலவு நின்றது என்றுதான் சொல்லலாம். சாப்பாட்டுக்கும் அதே அரிசியைப் பொங்குகிற வீட்டுக்கு மிச்சம் பல மடங்கு. வாங்குகிற மூட்டையையே அரசு விதி ஒன்று மாற்றியதைப் பார்த்திருப்பீர்கள். 2022 ஜூலை 18 முதல் 25 கிலோ வரை பாக்கெட் போட்டு லேபிள் ஒட்டிய அரிசிக்கு 5 சதவீதம் ஜிஎஸ்டி வந்தது, உடனே ஆலைக்காரர்கள் 26 கிலோ மூட்டை போட ஆரம்பித்தார்கள். மூட்டையாக வாங்க முடிந்தவர் வரி கட்டவில்லை, ஐந்து கிலோ பை வாங்குகிறவர் கட்டினார். எனக்கு இது இன்னும் நியாயமாகப் படவில்லை.

அப்புறம் கரண்ட். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் எல்லா வீட்டுக்கும் இலவசம், 2016 மே முதல் நடப்பில் இருக்கிறது. ஆனால் பணம் மிச்சமாவதும் கைநழுவுவதும் இந்த 100 யூனிட்டில் இல்லை, 500வது யூனிட்டில் இருக்கிறது. 2022 செப்டம்பரில் வந்த கட்டணத்தை வைத்துக் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன், அதில்தான் எண்கள் முழுசாக இருக்கும். 500 யூனிட் வரை ஓடிய வீட்டுக்கு முதல் 100 இலவசம், அடுத்த 100க்கு யூனிட் 2.25, அடுத்த 200க்கு 4.50, கடைசி 100க்கு 6 ரூபாய், மொத்தம் 1,725. அதே வீடு 510 ஓட்டிவிட்டால் அந்த 2.25 சலுகையே காணாமல் போய்விடும். 101லிருந்து 400 வரைக்கும் 4.50, அதற்கு மேல் 100க்கு 6, கடைசிப் பத்துக்கு 8 ரூபாய், மொத்தம் 2,030. பத்து யூனிட்டுக்கு 305 ரூபாய்! 2024 ஜூலையில் கட்டணம் 4.83 சதவீதம் கூடியது, ஆனால் அடுக்கு முறை அப்படியேதான் இருந்தது. ஆகவே ரீடிங் எடுத்த தேதியிலிருந்து முப்பதாவது நாள் மீட்டரை ஒரு தடவை பாருங்கள், 250ஐத் தாண்டியிருந்தால் மீதி நாட்களில் ஏசியைக் கொஞ்சம் கவனித்துக்கொள்ள வேண்டியதுதான். ரீடிங் எடுக்க வருகிறவர் பத்து நாள் தள்ளி வந்தால் உங்கள் மேல் தப்பே இல்லாமல் அடுத்த அடுக்குக்குப் போய்விடுவீர்கள் என்பதையும் மனதில் வையுங்கள், தள்ளிப்போனால் விடாமல் கேளுங்கள்.

இந்த மீட்டர் இன்னொரு இடத்திலும் பேசும். 2023 செப்டம்பர் 15ல் தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் தொகைக்கு, மாதம் 1,000 ரூபாய், குடும்ப ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். வருடத்துக்கு 3,600 யூனிட்டுக்கு மேல் கரண்ட் ஓடியிருக்கக் கூடாது என்ற நிபந்தனையையும் விண்ணப்பத்துக்கு வைத்தார்கள். ஆறு பில்லுக்கு வகுத்தால் பில்லுக்கு 600 யூனிட். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்ட சிலருக்குக் காரணம் புரியாமல் போனது இதனால்தான்.

டவுன் பஸ் கணக்கு இன்னும் நேரடியானது. 2021 மே 8 முதல் சாதாரண கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு டிக்கெட் காசு இல்லை, பிறகு திருநங்கையர், மாற்றுத்திறனாளிகள், அவர்களுடன் வரும் ஒருவர் என்று சேர்த்தார்கள். எக்ஸ்பிரஸ், டீலக்ஸ், ஏசி, வெளியூர் வண்டி எதிலும் இது செல்லாது. போக 10, வர 10 என்று மாதம் 26 நாள் வேலைக்குப் போகிற பெண்ணுக்கு 520 ரூபாய் நிற்கும். மாநிலத் திட்டக்குழு ஆய்வு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சம் என்று சொன்னது. ஏழெட்டு ஆயிரம் சம்பளத்துக்கு ஜவுளிக் கடையிலோ வீட்டு வேலையிலோ இருக்கிற பெண்ணுக்கு இது பத்தில் ஒரு பங்கு சம்பள உயர்வு மாதிரி. ஆனால் பஸ் வர வேண்டும். காலை எட்டரைக்கு ஸ்டாப்பில் நிற்கிற பெண்களைக் கவனியுங்கள், டீலக்ஸ் ஒன்று வரும், ஏற மாட்டார்கள், கழுத்தை நீட்டி அடுத்த வண்டியின் நிறத்தைப் பார்ப்பார்கள், நேரம் ஆகிவிட்டது என்று தெரிந்ததும் நாலு பேராக ஷேர் ஆட்டோவில் ஏறிவிடுவார்கள். ஒரு வழிக்கு 20 ரூபாய் கொடுத்தால் பஸ்ஸில் இரண்டு முறை மிச்சப்பட்டது ஒரே நடையில் போய்விடும். சலுகையை அறிவிப்பதை விட வண்டியை நேரத்துக்கு விடுவதுதான் முக்கியம் என்று நான் அழுத்திச் சொல்வது இதற்காகத்தான்.

காலை உணவு: 2022 செப்டம்பர் 15ல் மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் போனது. உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று நாளுக்கு ஒன்று. இதில் பண மிச்சத்தை விட அம்மாவின் காலை நேரம் மிச்சம், ஏழு மணிக்குள் வேலைக்குக் கிளம்புகிற வீடுகளில் அதன் அருமை தெரியும். ஒன்று முதல் ஐந்து வரைதான், ஆறாம் வகுப்புக்குப் போனதும் அந்தச் செலவு மறுபடி வீட்டுக்கே வந்துவிடும். பிள்ளை ஆறாவது போகிற வருடம் இதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அரசுப் புள்ளிவிவரமும் இப்போது இதைக் கொஞ்சம் பார்க்கத் தொடங்கியிருக்கிறது. மத்திய அரசின் குடும்ப நுகர்வுச் செலவு ஆய்வில், 2023-24ல் நாடு முழுவதும் கிராமத்தில் ஒருவருக்கு மாதச் செலவு சராசரியாக 4,122 ரூபாய், நகரத்தில் 6,996. இலவசமாகக் கிடைத்த பொருட்களுக்கும் ஒரு விலை போட்டுச் சேர்த்தால் 4,247, 7,078. கிராமத்தில் தலைக்கு 125 ரூபாய் கூடுகிறது, நாலு பேர் வீட்டுக்கு 500. இலவசக் கல்வியும் அரசு ஆஸ்பத்திரி வைத்தியமும் இந்தக் கணக்கில் சேரவே இல்லை, ஒரு வீட்டைக் கடனில் தள்ளுவதும் கடனிலிருந்து காப்பதும் பெரும்பாலும் அந்த இரண்டும்தான். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டு வருமானம் 1.20 லட்சத்துக்குள் உள்ள குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை சிகிச்சை உண்டு. கார்டு எடுக்காதவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போகிற நாள் வரைக்கும் காத்திருக்காதீர்கள், வருமானச் சான்றை வாங்கி இப்போதே பதிந்துவிடுங்கள்.

ரேஷன் விஷயத்தில் கடைசியாக ஒன்று. 2024 மே மாதம் பல கடைகளுக்குப் பருப்பும் பாமாயிலும் வராமல், ஜூனில் சேர்த்து வாங்கிக்கொள்ளலாம் என்று அரசு அறிவித்தது. அது தெரியாமல் அந்த மாதம் வெளியில் முழு விலைக்கு வாங்கி, ஜூனிலும் போய்க் கேட்காமல் விட்டவர்கள் இருக்கிறார்கள். சரக்கு இல்லை என்று திருப்பி அனுப்பினால் எப்போது வரும், அடுத்த மாதம் சேர்த்துத் தருவார்களா என்று அங்கேயே கேளுங்கள். பொருள் வாங்கியதும் போனுக்கு வருகிற எஸ்எம்எஸ்ஸைப் படியுங்கள். வாங்காத பொருள் அதில் இருந்தால் 1967 அல்லது 1800-425-5901க்குக் கூப்பிட்டுப் புகார் கொடுக்கலாம், காசு செலவில்லை.