கீல், வடம்புகு கீல்: சொல் விளக்கம்

கீல் என்பது ஒரு முளையைச் சுற்றி இரண்டு துண்டுகள் திரும்பும்படி அமைத்த இணைப்பு. கதவு, சன்னல், பெட்டி மூடி எல்லாவற்றிலும் இருப்பது இதுதான். மூக்குக்கண்ணாடியில் முகப்பையும், கடைக்காரர்கள் டெம்பிள் என்று சொல்லும் காதுத் தண்டையும் சேர்ப்பதும் இதுதான். உடம்பின் மூட்டுக்கும் கீல் என்று பெயர் உண்டு. கீல்வாதம் என்கிறோமே, அந்தக் கீல். படகுக்குப் பூசும் தாரைக் குறிக்கும் கீல் மட்டும் வேறு சொல். வடம்புகு கீல் என்று இங்கே சொல்வது, மின்வடம் உள்ளே கடந்துபோகும் மூக்குக்கண்ணாடிக் கீலை.

வடமொழியில் 'கீல' என்றால் ஆணி, முளை, ஆப்பு. இந்தியில் கீல் என்றால் இன்றும் ஆணிதான். தெலுங்கிலும் கன்னடத்திலும் கீலு என்பது மூட்டு. ஆங்கிலத்தின் ஹிஞ்ச், தொங்குவதைச் சொல்லும் ஹேங் என்ற சொல்லோடு உறவுடையது. கதவு எதில் தொங்குகிறதோ அதற்கு அந்தப் பெயர் அமைந்தது. நம் சொல்லின் வேரில் இருப்பதோ நடுவே நிற்கும் ஆணி. பழைய மரக்கதவுகளில் உலோகக் கீலே கிடையாது. கதவின் மேலும் கீழும் நீட்டிய குடுமி, குழியில் உட்கார்ந்து சுழலும். இலங்கைத் தமிழில் பிணைச்சல் என்ற நல்ல சொல்லும் புழங்குகிறது. ஆனால் இங்கே பேசப்போகும் பொருளுக்குக் கீல்தான் பொருத்தம். ஏனென்றால், கண்ணாடிக்குள் மின்வடம் நுழைந்துவிட்டால் எல்லாக் கணக்கும் அந்த ஆணியிலிருந்தே தொடங்குகிறது.

சாதாரணக் கண்ணாடிக் கீலில் மூன்று அல்லது ஐந்து வளையங்கள் ஒன்றுக்குள் ஒன்று கோத்திருக்கும். நடுவே சுமார் 1.4 மி.மீ. தடிமனுள்ள திருகு. அந்தக் கீலின் வேலை மடங்குவது மட்டுமே. மின்னணுக் கண்ணாடியில் வடமும் அதைக் கடக்க வேண்டும். 2013-இல் வந்த மின்னணுக் கண்ணாடியான கூகுள் கிளாஸின் முதல் பதிப்பு இந்தச் சிக்கலுக்குள்ளேயே போகவில்லை. அதன் தண்டு மடங்காது. 2023-இல் வந்த ரே-பான் மெட்டா போன்ற மின்னணுக் கண்ணாடிகள் அப்படித் தப்பிக்க முடியாது, அவற்றின் தண்டு மடங்கும். கேமரா முகப்பில் இருக்கிறது, சார்ஜ் ஏற்றும் முனை மூக்குப்பாலத்தின் கீழே இருக்கிறது, பேட்டரியோ தண்டுக்குள். மின்சாரமும் படத்தரவும் கீலைக் கடந்தே ஆகவேண்டும்.

கடப்பது எஃப்.பி.சி. என்னும் வளையும் சுற்றுப்பட்டை: பாலிஇமைடு என்ற பிளாஸ்டிக் படலத்தின் மேல் செம்புத் தடங்கள், மொத்தத் தடிமன் ஏறக்குறைய 0.1 மி.மீ. கண்ணாடிக் கீலின் திருகு தண்டின் உட்பக்கம் இருக்கும். தண்டை மடக்கும்போது வெளிப்பக்கத்து முட்டுமுகங்கள், அதாவது தண்டும் முகப்பும் ஒன்றோடொன்று முட்டும் முகங்கள், பிரிந்து வாய் திறக்கும். பட்டை திருகின் மையத்திலிருந்து 3 மி.மீ. வெளியே போகிறது என்று வைத்துக்கொள்வோம். 90 பாகை மடக்கினால் அதற்கு 3 × 1.57, அதாவது சுமார் 4.7 மி.மீ. கூடுதல் நீளம் வேண்டும்.  மையத்திலேயே பட்டையை ஓட்டினால் கூடுதல் நீளம் வேண்டாம், ஆனால் திருகைத் துளையிட்ட குழலாக்கி, பட்டையை முறுக்க வேண்டியிருக்கும். 90 பாகை முறுக்கை 6 மி.மீ. நீளத்தில் திணித்தால் ஓரத் தடங்கள் முதலில் போகும், 20 மி.மீ.க்குப் பரப்பினால் தாங்கும்.

நம் முழங்கையும் இதே கீல்தான். விரல்களுக்குப் போகும் நரம்பு ஒன்று மடங்கும் அச்சுக்குப் பின்னால் ஓடுகிறது. அதனால் கையை மடக்கும்போது அது இழுபடும். நெடுநேரம் மடக்கியே வைத்திருந்தால் சுண்டுவிரல் மரத்துப்போவது அதனால்தான். கதவின் கீலுக்கும் உடம்பின் கீலுக்கும் ஒரே பெயர் வைத்திருப்பது வெறும் உவமையல்ல.

அடுத்து, வளைவின் ஆரம். ஒருமுறை வளைத்து அப்படியே விடும் பட்டைக்குத் தடிமனைப் போல் 10 மடங்கு ஆரம் என்பது பொதுக் கணக்கு. நாள்தோறும் வளைவதற்கு 100 மடங்கு. 0.1 மி.மீ. பட்டைக்கு 10 மி.மீ. ஆரம் என்றால் எந்தத் தண்டிலும் அடங்காது. அதனால் செம்பை ஒரே அடுக்காக்கி, மேலும் கீழும் படலத்தைச் சமமாக ஒட்டி, வளைந்தாலும் நீளாத நடுக்கோட்டில் செம்பை உட்கார வைக்கிறார்கள். 18 மைக்ரான் செம்பு நடுவில் இருந்தால் 3 மி.மீ. வளைவில் அதன் நீட்சி 0.3 சதவீதம். 25 மைக்ரான் படலத்தின் இரு முகத்திலும் அதே செம்பு இருந்தால் வெளி விளிம்பில் 1 சதவீதம். மூன்று மடங்குக்கும் மேல்! கேமராத் தரவுக்குத் தரைத்தளம் (மின்குறுக்கீட்டைத் தடுக்கும் செம்புப் பரப்பு) வேண்டும் என்று இரண்டாவது செம்படுக்கைச் சேர்ப்பவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். வளையும் பகுதியில் மட்டும் அதை வலைப்பின்னலாக்குவதோ, மெல்லிய மறைப்புப் படலத்தால் மாற்றுவதோ நல்லது. செம்பும் உருட்டிப் பதப்படுத்திய வகையாக இருக்கவேண்டும்; மின்முறையில் படியவைத்தது சீக்கிரம் விரிசல் விடும்.

விரிசல் பெரும்பாலும் வளைவின் நடுவில் வருவதில்லை. பட்டையை விறைப்பாக்க ஒட்டும் தகடு எங்கே முடிகிறதோ, அந்தக் கோட்டில் வரும். அங்கே பசையை ஒரு சிறு கரையாக விட்டு, பட்டை நுழையும் துளையின் விளிம்பை 0.3 முதல் 0.5 மி.மீ. ஆரத்துக்கு மழுக்க வேண்டும். தடங்கள் மடிப்புக்கோட்டைச் செங்குத்தாகக் கடக்க வேண்டும். அடுக்குகளை இணைக்கும் துளை எதுவும் அங்கே கூடாது.

இன்னொரு கேடு நசுங்கல். தண்டை விரிக்கும்போது அந்த 4.7 மி.மீ. தளர்வு மறுபடி தண்டின் குழிக்குள் போகாமல், முட்டுமுகங்களுக்கு இடையில் மாட்டி நசுங்கும். பட்டையை முன்கூட்டியே எஸ் வடிவில் மடித்துவைத்து, குழியை அதற்கேற்ப விசாலமாக்கினால் அது தானாகத் திரும்பிப் போகும்.

கண்ணாடிச் சட்டங்களுக்கான ஐ.எஸ்.ஓ. 12870 தரம் கேட்கும் தாங்குசோதனை 500 சுற்று. நாளுக்கு 10 முறை மடக்குபவர் மூன்று ஆண்டில் 10,000-ஐத் தாண்டிவிடுவார். ஆகவே சோதனையை அதற்குமேல் ஓட்ட வேண்டும், ஓடும்போதே மின்தடையை அளக்கவும் வேண்டும். விரிசல் விட்ட தடம், கண்ணாடி திறந்து நிற்கும்போது ஒட்டிக்கொண்டு சரியாகவே காட்டும். 40, 50 பாகையில்தான் அறுபடும். நிறுத்திவிட்டு அளந்தால் அகப்படாது.

இதைத் தமிழில் எப்படிச் சொல்வது? கம்பிக் கீல் என்றால் கம்பியால் செய்த கீல் ஆகிவிடும். வடக்கீல் என்றால் காதில் வடக்குத் திசை விழுகிறது. மின்கீல் என்றால் மின்சாரத்தால் இயங்கும் கீல் என்று பொருள்படும். வடம் உள்ளே புகுந்து கடக்கும் கீல் என்பதால் வடம்புகு கீல் என்பதே சரி. வளைபட்டை, முட்டுமுகம், தளர்வுக்குழி என்பவற்றையும் அதோடு சேர்த்துப் புழங்கலாம். எடுத்துக்காட்டு: 'இடப்பக்க வடம்புகு கீலில் தளர்வுக்குழி போதவில்லை, வளைபட்டை முட்டுமுகத்தில் நசுங்குகிறது.'